எல்லாமே 'தோல்' இல்லை! ஸ்கின், பீல், ஷெல், ஹஸ்க்: எதற்கு எந்தச் சொல்?

எலுமிச்சை கேக் செய்கிறீர்கள். "ஸெஸ்ட் சேர்க்கவும்" என்கிறது சமையல் குறிப்பு. பக்கத்தில் நிற்கும் பாட்டி, "அப்படின்னா என்னப்பா?" என்று கேட்கிறார். "தோல்தான் பாட்டி!" என்று சொல்லிவிடுகிறீர்கள். அவரும் தோலை முழுசா உரித்து, பொடியாக நறுக்கிப் போட்டுவிடுகிறார்.

கேக் கசக்கிறது. தப்பு பாட்டியுடையது அல்ல, மொழிபெயர்ப்புடையது. ஸெஸ்ட் என்பது தோலின் மேலே இருக்கும் மஞ்சள் பகுதி மட்டும். வாசனை எண்ணெய் அதில்தான் இருக்கிறது. அதற்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும்.

வீட்டில் பெரியவர்களுக்கு லேபிள், மெனு, மருந்துச் சீட்டு எல்லாம் படித்துச் சொல்வது நீங்கள்தானா? அப்படியென்றால் இந்தச் சின்னச் சொற்கள் உங்களுக்கு முக்கியம்.

ஸ்கின், பீல், ரைண்ட்: என்ன வேறுபாடு?

மெல்லியதாக, பழத்தோடு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஸ்கின். தக்காளி, திராட்சை நினைவுக்கு வரட்டும். உரித்துத் தனியாக எடுப்பது பீல். வாழைப்பழமும் ஆரஞ்சும் இந்த வகை. உருளைக்கிழங்கை அப்படியே சுட்டால் மேலே இருப்பது ஸ்கின். சீவி எடுத்துவிட்டால் அதே தோல் பீல் ஆகிவிடும்.

தடிப்பாக, கெட்டியாக இருந்தால் ரைண்ட். தர்பூசணிக்கும் பாலாடைக்கட்டிக்கும் இந்தச் சொல் வரும். தமிழில் பழத்துக்கும் காய்க்கும் பெரும்பாலும் 'தோல்' என்ற ஒரே சொல் போதும்.

அப்படியானால் தமிழில் சொல் குறைவா?

இல்லை. ஹஸ்க் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லின் மேலுறையும் ஹஸ்க், தேங்காயின் மேலுறையும் ஹஸ்க். தமிழில் நெல்லுக்கு உமி, தேங்காய்க்கு மட்டை. மட்டைக்கு உள்ளே இருக்கும் கெட்டியான ஷெல், சிரட்டை. முட்டைக்கும் நத்தைக்கும் என்றால் ஓடு.

தேங்காய் மட்டையின் நாருக்கு ஆங்கிலத்தில் 'காயர்' என்று பெயர். அது நம்ம 'கயிறு', மலையாளத்தின் 'கயர்' ஆகியவற்றின் குடும்பத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்!

பழுப்பரிசி என்றால் என்ன என்று தாத்தா கேட்டால், "உமியை எடுத்துட்டாங்க, தவிட்டை எடுக்கல" என்று சொல்லிப் பாருங்கள். உடனே புரியும். ஆங்கிலத்தில் உமி ஹஸ்க், தவிடு பிரான்.

டுரியானின் முள் நிறைந்த மேற்பகுதியையும் ஹஸ்க் என்பார்கள். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதிலுள்ள செல்லுலோஸைக் கொண்டு கிருமிகளை எதிர்க்கும் காயக்கட்டு ஒன்றை உருவாக்கினார்கள். 2021இல் அது செய்தியில் வந்தது. நாம் குப்பையில் போடும் பகுதி!

கவனம்: பெயர், வினையானால் பொருள் மாறும்

ஆங்கிலத்தில் இந்தப் பெயர்ச்சொற்களையே வினையாகப் பயன்படுத்தும்போது, 'அதை நீக்கு' என்று பொருள். அதனால் பொட்டலத்தில் 'ஷெல்ட் பீனட்ஸ்' என்று இருந்தால் ஓடு நீக்கிய கடலை. ஓட்டோடு வேண்டுமென்றால் 'இன் ஷெல்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே தவறு செய்யவே கூடாது?

ஒவ்வாமை விஷயத்தில். 'ஷெல்ஃபிஷ்' என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் சிப்பி, மட்டி என்று மட்டும் நினைக்கிறார்கள். சிலர் 'மீன்' என்றே சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. இறாலும் நண்டும் ஷெல்ஃபிஷ்தான். மீன் ஒவ்வாமை வேறு, இது வேறு.

லேபிளில் 'குரஸ்டேஷியா' என்று இருந்தால் அது இறால், நண்டு வகையைக் குறிக்கும். லத்தீனில் 'குரஸ்டா' என்றால் கெட்டியான மேலுறை. ரொட்டியின் 'கிரஸ்ட்' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். சிங்கப்பூரில், பொட்டல உணவில் இந்த வகை சேர்ந்திருந்தால் லேபிளில் குறிப்பிட்டாக வேண்டும்.

ஓடு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். சம்பலில் சேர்க்கும் பெலாச்சான் குட்டி இறாலில் செய்வது. தட்டில் ஓடும் இருக்காது, இறாலும் தெரியாது. அதனால் பாட்டிக்கு இறால் ஆகாது என்றால், உணவகத்தில் "இதில் ஷெல்ஃபிஷ் இருக்கா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இறால், நண்டு, பெலாச்சான் ஏதாவது சேர்த்திருக்கீங்களா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

அடுத்த முறை "அப்படின்னா என்னப்பா?" என்று பாட்டி கேட்டால், அவசரப்பட்டு 'தோல்' என்று சொல்ல வேண்டாம். மெல்லியதா, கெட்டியா, உரிப்பதா, உடைப்பதா என்று பொருளை விளக்குங்கள். சரியான தமிழ்ச்சொல் பாட்டியிடமே இருக்கும்.