சிரித்துக்கொண்டே படித்த ஆங்கிலம்

குமுளியில் ஏலக்காயும் மிளகும் விற்கிறவனுக்கு மூன்று மொழி வேண்டும். கம்பம், போடியிலிருந்து வரும் வியாபாரிகளிடம் தமிழ்; அரசு அலுவலகங்களில் மலையாளம்; தேக்கடி பார்க்க வரும் வெளிநாட்டாரிடம் ஆங்கிலம். முதல் இரண்டும் எனக்கு எப்படியோ வந்துவிட்டன. மூன்றாவதுதான் படாத பாடு படுத்தியது.

முப்பது வருஷத்துக்கு முன் ஒருநாள், ஒரு வெள்ளைக்கார அம்மா காய்ந்த மிளகாய்ப் பொட்டலத்தைத் தொட்டு, "ஹாட்?" என்று கேட்டார். "நோ மேடம், நிழலில் வைத்தது, கூல்" என்று நான் பணிவாகச் சொன்னேன். ஊருக்குப் போய் அதைச் சமைத்து என்ன ஆனாரோ! பக்கத்துக் கடைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பின் வெள்ளைக்காரர் யாராவது வந்தால் கணக்குப் புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொள்வேன். வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போயிற்று.

இத்தனைக்கும் சிறுவயதில் தாத்தா என்னைச் சூடாமணி நிகண்டு மனப்பாடம் செய்ய வைத்தவர். மண்டலபுருடர் என்ற சமணப் புலவர் செய்த அந்த நூலில், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்லவே தனித்தொகுதி உண்டு. தமிழில் 'மா' என்றால் மரம், விலங்கு, பெருமை எனப் பல பொருள். 'ஹாட்' என்பதும் அப்படித்தான், சூடும் அதுவே, காரமும் அதுவே என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

அதைத் தோன்ற வைத்தது ஒரு டி.வி. காமெடி. நண்பர் ஒருவர் கொடுத்த வீடியோ கேசட்டில் பார்த்தேன். பெயர் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'. வின்ஸ் பவல் எழுதியது. லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் 1977 முதல் 1979 வரை 29 பகுதிகள் தயாரித்தது. பிழைக்க வந்த வெளிநாட்டார் லண்டனில் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கிறார்கள். ஆசிரியர் ஜெரமி பிரவுனாக நடித்தவர் பாரி எவன்ஸ். இதைத் தழுவி, இந்தி வகுப்பாக மாற்றி, பங்கஜ் கபூர் நடித்த 'ஜபான் சம்பால்கே' 1993இல் தூர்தர்ஷனில் வந்தது.

அந்த வகுப்பில் பாகிஸ்தானியரான அலி, 'எக்ஸ்கியூஸ் மீ' என்பதை 'ஸ்க்வீஸ் மீ' என்பார். மன்னிக்கச் சொல்ல வேண்டியவர், பிழியச் சொல்கிறார்! நாம் சிரிக்கிற அந்த நொடியில் தவறான சொல்லும் சரியான சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டு சொல்லும் அதன்பின் மறப்பதில்லை. அகராதி பொருளைத்தான் சொல்லும். காமெடியோ எந்த இடத்தில், யாரிடம், எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பதையும் காட்டிவிடுகிறது.

இன்னொருவர் டாரோ, ஜப்பானியர். ஆங்கிலச் சொல்லின் கடைசியில் 'ஓ' சேர்ப்பார். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தால், நாம் மட்டும் என்ன? டிக்கெட்டு, பாக்கெட்டு என்கிறோம். ஸ்கூலை இஸ்கூல் என்கிறோம். பவணந்தி முனிவரின் நன்னூலைப் புரட்டுங்கள். வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. தனிமெய்யில் தொடங்கவும் செய்யாது. ஆகவே நம் நாக்கு பின்னால் ஓர் உகரத்தையும் முன்னால் ஓர் இகரத்தையும் தானே வைத்துக்கொள்கிறது. ஜப்பானிய மொழியிலும் சொற்கள் பெரும்பாலும் உயிரில்தான் முடியும். எனவே இந்தத் தவறு மடத்தனம் அல்ல. தாய்மொழி இலக்கணம் பிறமொழிக்குள் வந்து பேசுகிறது, அவ்வளவுதான்.

இதை அறிந்த நாளில்தான் என் வெட்கம் போயிற்று. கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை எடுத்தேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1979இல் அந்தத் தொடரை நிறுத்தியவர் அதே நிறுவனத்தின் மைக்கேல் கிரேடு. ஒவ்வோர் இனத்தாரையும் ஒரே அச்சில் வார்த்துக் கேலி செய்கிறது என்பது அவர் கருத்து. அதில் நியாயம் உண்டு. தமிழ் காமெடியில் மலையாளியையும் மலையாள காமெடியில் தமிழனையும் காட்டும் விதம் நமக்குத் தெரியாததா? தவறைப் பார்த்துச் சிரித்தால் அறிவு வளரும். ஆளைப் பார்த்துச் சிரித்தால் ஒரு வாய் மூடிக்கொள்ளும்.

நம் இடுக்கித் தோட்டங்களிலும், வாளையார், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் எத்தனை பிள்ளைகள் சிரிப்பார்களே என்று பயந்து வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கிறார்கள்! புதிதாக வந்த தமிழ்ப்பிள்ளை, 'வெள்ளம் வருன்னு' என்று மலையாளத்தில் கேட்டால் ஆறு பெருகிவிட்டதென்று ஓடும். குழாயில் தண்ணீர் வருகிறது என்றுதான் அதற்குப் பொருள்; பெருக்குக்கு அவர்கள் சொல் 'வெள்ளப்பொக்கம்'. அந்தப் பிள்ளையைக் கேலி செய்யாமல், ஒரு சொல் இரு மொழியில் எப்படிப் பிரிந்தது என்று சொல்லிக் கொடுத்தால் அன்றைக்கே ஒரு பாடம் முடிந்தது.

அன்பர்களே, வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு காமெடி பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தவறான சொல், சரியான சொல், சொன்ன இடம் என மூன்று பத்தி போடுங்கள். நாளுக்கு ஐந்து சொல் போதும். மறுநாள் அந்த ஐந்தையும் கடையிலோ பஸ்ஸிலோ பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது என் கடையில் யாராவது "ஹாட்?" என்று கேட்டால், "வெரி ஹாட், மேடம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பழைய கதையையும் சொல்கிறேன். அவர்களும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். மிளகாயும் விற்கிறது.