தன் கையால் அமைக்கும் சூரிய மின்சாரம்

வீட்டு மொட்டை மாடியில் பேனல் பொருத்தி மின்சாரம் எடுப்பது என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் இயல்பிலேயே வேறுபட்ட இரண்டு ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. எது எதற்குப் பயன்படும் என்று பிரித்தறியாமல் பணத்தைச் செலவிட்டவர்களே பின்னர் ஏமாற்றம் அடைகிறார்கள். முதலாவது, மின் வாரியத்தின் கம்பியோடு இணைந்து இயங்குவது. பகலில் பேனல் தரும் மின்சாரத்தில் வீட்டுத் தேவைக்கு மிஞ்சியது வெளிக்கம்பிக்குப் போகும், இரவில் வேண்டியது அங்கிருந்து வரும், போனதையும் வந்ததையும் கணக்கிடும் மீட்டர் ஒன்று நடுவில் இருக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டம் இவ்வகைக்கே மானியம் தருகிறது. முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைப்போருக்கு மொத்தம் 78,000 ரூபாயும் கிடைக்கும். பதிவு பெற்ற நிறுவனமே இதைப் பொருத்த வேண்டும் என்பதாலும், வாரியத்தின் ஒப்புதலின்றி இணைக்கக் கூடாது என்பதாலும், இதில் வீட்டுக்காரரின் கைவேலைக்கு இடமில்லை.

இந்த முதல் வகைக்குப் பலரும் அறியாத ஒரு தன்மை உண்டு: வெளியே மின்சாரம் நின்றால், உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் இதுவும் நின்றுவிடும். மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிரை ஒரு வீட்டுப் பேனல் பறித்துவிடக் கூடாது என்பதற்காகவே, பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் அவ்வாறு வடிவமைக்கப்படுகிறது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் காவிரி டெல்டாவின் மின்கம்பங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்து, பல கிராமங்களை நாள்கணக்கில் இருளில் விட்டபோது, பேட்டரியுடன் தனித்து இயங்கும் அமைப்பு இருந்த வீட்டில்தான் விளக்கெரிந்திருக்க முடியும். அந்தத் தனித்த அமைப்பே இரண்டாவது வகை. மின் வாரியத்தின் கம்பியோடு எவ்விதத்திலும் கலக்காத இதைத்தான் ஓரளவு கைத்திறனும் பொறுமையும் உள்ளவர் தாமே அமைத்துக்கொள்ள இயலும்.

இதன் பொருளாதாரத்தையும் தொடக்கத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமாக வழங்கப்படுகிறது. கீழே விளக்கப்படும் சிறிய அமைப்பு அதே காலத்தில் பயனுக்குத் தருவதோ 100 யூனிட் அளவே. ஆகவே மின்கட்டணத்தை மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கமானால் பேட்டரி வாங்குவது வீண். மானியத்துடன் கூடிய முதல் வகையே தகும். அடிக்கடி மின்தடை நேரும் ஊர், கம்பி எட்டாத தோட்டத்து வீடு, புயலை எதிர்பார்த்து வாழும் கடற்கரைப் பகுதி ஆகியவற்றிலேயே தனித்த அமைப்பு தன் விலைக்கு உரிய பயனைத் தருகிறது.

அமைக்க முனைவோர் பெரும்பாலும் பேனலிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் வீட்டிலுள்ள கருவிகளின் பட்டியல். ஒரு கருவியின் வாட் அளவை அது ஓடும் மணிகளால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். ஆயிரம் வாட்-மணியே மின்கட்டண அட்டையில் காணும் ஒரு யூனிட். 30 வாட் எடுக்கும் பிஎல்டிசி வகை மின்விசிறிகள் மூன்று 10 மணி நேரம் ஓடினால் 900, 9 வாட் எல்இடி விளக்குகள் ஆறு 5 மணி நேரம் எரிந்தால் 270, 10 வாட் இணைய ரவுட்டர் நாள் முழுவதும் இயங்கினால் 240, 60 வாட் தொலைக்காட்சி 4 மணி நேரத்திற்கு 240 என்று கூட்டினால் 1,650 வாட்-மணி வரும். இதனுடன், எந்தக் கருவியும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் தனக்கென்றே எடுத்துக்கொள்ளும் ஏறக்குறைய 15 வாட்டையும் சேர்க்க வேண்டும். 24 மணி நேரத்திற்கு அது 360 ஆகி, மொத்தம் 2,000 வாட்-மணியைத் தாண்டிவிடுகிறது. இந்த ஒளிந்திருக்கும் செலவைக் கணக்கில் விட்டவர்களே பேட்டரி மோசம், பேனல் மோசம் என்று குறைகூற நேர்கிறது. இதே வீட்டில் 75 வாட் எடுக்கும் பழைய மின்விசிறிகள் இருந்தால் அவை மூன்றுமே 2,250 வாட்-மணியை விழுங்கிவிடும் என்பதால், பேனலுக்கு முன்பாக மின்விசிறியை மாற்றுவதே முதல் முதலீடாக அமையத்தக்கது. குளிர்சாதனக் கருவி, தண்ணீர் மோட்டார், கிரைண்டர் ஆகியவற்றை இச்சிறிய அமைப்பில் சேர்க்காமல் வாரியத்தின் கம்பியிலேயே விட்டுவிடுவது நல்லது.

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் பிறக்கிறது என்பதை 1839இலேயே பிரெஞ்சு அறிவியலாளர் எட்மண்ட் பெக்கரல் கண்டிருந்தார். ஆயினும் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய சிலிக்கன் மின்கலம், தன்மேல் விழும் ஒளியில் 6 விழுக்காட்டை மின்சாரமாக்கிய பிறகே அது பயன்படு பொருளாயிற்று. இன்று கடையில் கிடைக்கும் பேனல்கள் 20 விழுக்காட்டைக் கடந்துவிட்டன. பேனலின் பின்புறத்தில் 540 வாட் என்று ஒட்டியிருப்பது, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழ, மின்கலத்தின் வெப்பம் 25 பாகை செல்சியஸாக இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்த மதிப்பு. சித்திரை வெயிலில் மாடியில் கிடக்கும் பேனலின் வெப்பமோ 60 பாகையைத் தாண்டும். ஒரு பாகை கூடும்தோறும் திறன் ஏறத்தாழ 0.35 முதல் 0.4 விழுக்காடு குறைவதால், வெப்பம் ஒன்றே எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. தூசு, வயர், பேட்டரி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் இழப்பையும் சேர்த்து 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவதே பாதுகாப்பானது.

காலை முதல் மாலை வரை ஏறி இறங்கும் வெயிலை முழு வலிமையுள்ள வெயிலாகத் திரட்டிப் பார்த்தால் தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேர அளவு கிடைக்கும். அதன்படி 540 வாட் பேனல் ஒன்று நமது 2,000 வாட்-மணிக்குச் சற்றே போதாது. ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் அந்த 5 மணி 3 ஆகச் சுருங்கிவிடும்போதும் விளக்கெரிய வேண்டுமானால் இரண்டு பேனல்கள் தேவை. மழைக்காலத்தை அளவுகோலாக வைத்து வாங்குவது கோடையில் மிகையாகத் தோன்றினாலும், மின்தடை மிகுதியாக நேர்வதும் அந்த மழைக்காலத்தில்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பேனல் தெற்கு நோக்கி 10 முதல் 12 பாகை வரை சாய்ந்திருந்தால் போதும். 13 பாகை அட்சரேகையிலுள்ள சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, இடைப்பட்ட மாதங்களில் வடக்கே நிற்பதால், வட நாட்டினரைப் போல் செங்குத்தாகச் சாய்ப்பது நட்டமே. முற்றிலும் படுக்கையாக வைத்தாலோ மழைநீர் வழிந்து தூசைக் கழுவாது. சாய்வைவிட முக்கியமானது நிழல். ஒரு பேனலுக்குள் மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடைக்கு நீர் எட்டாததைப் போல, ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு சில கலங்களில் விழுந்தாலே பேனலின் பெரும்பகுதி முடங்கும். சேதத்தைக் குறைக்க உள்ளே பைபாஸ் டையோடுகள் இருக்கின்றன என்றாலும், அவை நிழலுக்கு உள்ளான பகுதியைத் தாண்டி மின்னோட்டத்தைச் செலுத்துகின்றனவேயன்றி இழந்ததை மீட்பதில்லை. மார்கழித் தொடக்கத்தில் நண்பகலிலும் சூரியன் 54 பாகை உயரத்திற்கு மேல் ஏறாது. எனவே மேல்நிலைத் தொட்டியும் படிக்கட்டு அறையும் பேனலுக்குத் தெற்கே இருந்தால் அவற்றின் நிழலைக் குளிர்காலத்தில் ஒருநாள் முழுவதும் கவனித்த பின்னரே இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

காற்றைப் பற்றிய அலட்சியமே கைவேலை அமைப்புகளின் மிகப் பெரிய குறை. கட்டுமானங்களுக்கான இந்தியத் தரவிதி சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் காற்று வேகத்தை அடிப்படையாகக் கொள்கிறது. அவ்வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் எழும். இரண்டரைச் சதுர மீட்டர் பரப்பும் 28 கிலோ எடையும் உள்ள ஒரு பேனல் இவ்வழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு பறந்தால் பக்கத்து வீட்டாருக்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்லை அண்டக்கொடுத்து நிறுத்துவதை விட்டு, துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தைக் கான்கிரீட் பீடங்களில் போல்ட்டால் இறுக்க வேண்டும். தளத்தைத் துளையிட்டால் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு அவசியம்.

அமைப்பின் விலையிலும் ஆயுளிலும் ஆட்சி செலுத்துவது பேட்டரியே. இரவில் மட்டும் இவ்வீட்டுக்கு 1,600 வாட்-மணி அளவில் தேவைப்படும். இன்வெர்ட்டரின் இழப்புடன் 1,800. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டியூபுலர் ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் விரைந்து தேயும் என்பதால், 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக்கினால் கிடைக்கும் 3,600 வாட்-மணியில் பாதி சரியாகப் பொருந்தும். வாங்கும்போது அந்த ஆம்பியர்-மணி சி10 என்ற அளவில் குறிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்; 10 மணி நேரத்தில் வடித்தால் கிடைக்கும் அளவு அது. 20 மணி நேரக் கணக்கில் பெரிய எண்ணைக் காட்டும் பேட்டரி உண்மையில் சிறியது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காடு வரை அச்சமின்றி எடுக்கலாம் என்பதால் 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணி உள்ள ஒன்றே போதும். விலை கூடுதல், ஆயினும் பல மடங்கு நீடிக்கும். அதில் ஒவ்வொரு கலத்தையும் கண்காணிக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகை கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத கலங்களைத் தாமே அடுக்கிக் கட்டும் துணிச்சல் புதியவர்க்கு உரியதன்று.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்துவது சார்ஜ் கன்ட்ரோலர். விலை குறைந்த பிடபிள்யூஎம் வகை பேனலின் மின்னழுத்தத்தைப் பேட்டரியின் அளவுக்கு இழுத்துவிடும். 41 வோல்ட்டில் சிறப்பாக இயங்கும் இன்றைய பெரிய பேனலை அதன் வழியே 12 வோல்ட் பேட்டரிக்கு இணைத்தால் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் வீணாகும். எம்பிபிடி வகை, பேனல் மிகுந்த திறனைத் தரும் புள்ளியைத் தொடர்ந்து தேடிக் கண்டு, மிகுதியான வோல்ட்டை ஆம்பியராக மாற்றிப் பேட்டரிக்குத் தரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 540 வாட் பேனல் ஒன்றின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எதையும் இணைக்காதபோது காட்டும் வோல்ட், சுமார் 49.5, இரண்டைத் தொடராக இணைத்தால் 99. வெப்பம் குறைந்தால் வோல்ட் உயரும் என்பதால் தை மாத அதிகாலைக் குளிரில் அது 100ஐத் தாண்டிவிடும். 100 வோல்ட் மட்டுமே தாங்கும் கன்ட்ரோலர் அன்றே பழுதாகும். 150 வோல்ட் தாங்கும், 40 ஆம்பியர் தரும் கன்ட்ரோலரே பொருத்தம். ஈய-அமில பேட்டரியானால் மின்னேற்ற அளவை 30 ஆம்பியருக்கு மிகாமல் அமைப்பில் குறுக்கி வைக்க வேண்டும்.

பேனல் தருவது நேர்த்திசை மின்னோட்டம், பேச்சு வழக்கில் டிசி. வீட்டுக் கம்பியில் ஓடும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் சுவிட்சில் எழும் தீப்பொறி தானே அணைகிறது. டிசியில் அந்த இடைவெளி இல்லை. இணைப்பு பிரியும் இடத்தில் தோன்றும் பொறி அணையாது நீண்டு பிளாஸ்டிக்கை உருக்கித் தீயாக மாறும். ஆகவே வீட்டுப் பலகையிலுள்ள சாதாரண எம்சிபியை இங்கே பயன்படுத்தக் கூடாது. டிசிக்கென்றே செய்யப்பட்ட ஐசொலேட்டரும் ஃபியூஸும் வேண்டும். பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்களை மின்னோட்டம் ஓடும்போது பிடுங்குவதும், இரு வேறு நிறுவனத்தாரின் கனெக்டர்களை ஒன்றுக்குள் ஒன்று செருகுவதும் ஆபத்தானவை. பேனலுக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது. வெளிச்சம் உள்ளவரை 100 வோல்ட் உயிரோடிருக்கும் என்பதால் கனத்த தார்ப்பாயால் மூடிவிட்டே வேலை செய்ய வேண்டும்.

பேட்டரிப் பக்கத்தில் வோல்ட் குறைவு, ஆனால் ஆம்பியர் மிகுதி. 1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 95 ஆம்பியர் வரை இழுக்கும். 24 வோல்ட்டில் அது பாதியாகி, வயரில் எழும் வெப்பம் கால் பங்காகும். 24 வோல்ட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுவே. வயரின் முனையில் லக் எனப்படும் செம்பு முனைத்துண்டை வைத்துக் கருவியால் இறுக்கி நசுக்க வேண்டும். சுத்தியால் தட்டிய லக் சில மாதங்களில் சூடேறும். பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில், வயர் தாங்கும் அளவைவிடக் குறைந்த ஆம்பியரில் ஃபியூஸ் வைப்பதைத் தவிர்க்கவே கூடாது. வேலைக்கு முன் மோதிரம், வளையல், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஈய-அமில பேட்டரி மின்னேறும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வெளிவருவதால், காற்றோட்டமில்லாத அலமாரியிலோ பூசை விளக்கெரியும் இடத்தருகிலோ அதை வைக்கக் கூடாது.

இணைக்கும் வரிசையும் பொருள் உடையது: கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும் பிறகே பேனலையும் இணைக்க வேண்டும், கழற்றும்போது தலைகீழாக, ஒவ்வோர் இணைப்புக்கும் முன் மல்டிமீட்டரில் நேர், எதிர் முனைகளைச் சரிபார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் தூய சைன் அலையைத் தருவதாக இருத்தல் நலம். அதிலிருந்து வெளிவரும் 230 வோல்ட்டை வீட்டுச் சுற்றில் சேர்க்கும் வேலையை மட்டும் உரிமம் பெற்ற வயர்மேனிடம் ஒப்படைப்பதே முறை. இன்வெர்ட்டர் சுற்றுக்கு நியூட்ரல் வயரும் தனியாக ஓட வேண்டும் என்பதும், வாரிய மின்சாரமும் இதுவும் ஒருபோதும் சந்திக்காதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும் என்பதும், பேனலின் இரும்புச் சட்டத்திற்கும் இன்வெர்ட்டருக்கும் முறையான எர்த் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். பிளக் பாயின்ட் வழியாக இன்வெர்ட்டரை வீட்டுக்குள் செலுத்தும் குறுக்குவழி உயிரைக் கொல்லும்.

பின்னர் எஞ்சுவது பராமரிப்பு. மழையில்லா மாதங்களில் இரு வாரத்திற்கு ஒருமுறை, வெயில் ஏறும் முன், வெறும் தண்ணீரும் மென்துணியும் கொண்டு பேனலைத் துடைத்தால் போதும். உப்பு நீர் படிந்தால் வெண்படலம் கட்டும். ஈய-அமில பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் மட்டத்தை மாதந்தோறும் பார்ப்பதும், ஆறு மாதத்திற்கு ஒருமுறை எல்லா முனைகளையும் இறுக்குவதும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் சட்டத்தின் போல்ட்டுகளைச் சோதிப்பதும் வீட்டுக்காரரின் வேலைகள். ஆயுள் முடிந்த ஈய பேட்டரியை எடைக்கு வாங்குபவரிடம் போடாமல் விற்பனையாளரிடமே திருப்பித் தர வேண்டும். திறந்தவெளியில் உடைத்து உருக்கப்படும் ஈயம், அதன் அருகே விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் சேர்கிறது.