துவக்கை அன்பளிப்புச் செய்யலாம், அனுமதியை அன்பளிப்புச் செய்ய முடியாது

ஒருவர் இரண்டு மூன்று கைத்துப்பாக்கிகளை வாங்கி, அவற்றில் ஒன்றைத் தம்பிக்கோ தகப்பனுக்கோ அன்பளிப்பாகக் கொடுத்தால் சட்டம் என்ன சொல்லும்? அமெரிக்காவில் இது ஒரு படிவத்தைச் சரியாக நிரப்புவது பற்றிய கேள்வி. குருநகரில் அந்த வீட்டில் இருக்கும் அத்தனை பேருடைய எதிர்காலம் பற்றிய கேள்வி.

நான் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன். குருநகரில் இருக்கிறேன். அண்மைக் காலமாக இந்தக் கேள்வி என் காதில் அடிக்கடி விழுகிறது. வாள்வெட்டுக் கும்பல்களின் பயம் ஒரு காரணம். தெற்கில் நடக்கும் துப்பாக்கிச் சூடுகள் பற்றிய செய்திகள் இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகள், "அங்கே கடையிலேயே விற்கிறார்கள், அப்பாவின் பாதுகாப்புக்கு ஒன்று இருந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். விளையாட்டாகக் கேட்டாலும் விடையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இலங்கையில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கை வைத்திருப்பதும், பாவிப்பதும், இன்னொருவருக்காகப் பாதுகாத்து வைப்பதும் இதன்படி குற்றம். அனுமதி என்பது குறிப்பிட்ட ஒரு துவக்குக்காகக் குறிப்பிட்ட ஓர் ஆளுக்குக் கொடுக்கப்படுவது. அது டிசம்பர் 31ஆம் திகதியுடன் முடிந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும்.

தோட்டத்தையும் வயலையும் காக்கும் துவக்குக்கு மாவட்டச் செயலகம் ஊடாக விண்ணப்பிக்கலாம். தற்காப்புக்கான கைத்துப்பாக்கி பாதுகாப்பு அமைச்சின் கையில் உள்ள விடயம். உயிருக்கு ஆபத்து உண்டு என்பதை அமைச்சு ஏற்க வேண்டும். ஏற்றுத் தந்தாலும் அது நிரந்தர உரிமை ஆகாது. தற்காப்புக்காக வழங்கப்பட்ட சுடுகலன்களை 2024 நவம்பர் 7ஆம் திகதிக்குள் தற்காலிகமாகத் திருப்பி ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்தது. அரசியல்வாதிகளும் வர்த்தகர்களும் அந்த அறிவித்தலுக்குள் அடங்கினர்.

இனி அன்பளிப்பு. நகையைக் கையில் கொடுத்த உடனேயே அது பெற்றவருடையதாகிவிடும். துவக்கு அப்படி அல்ல. கொடுப்பவரிடம் அனுமதி இருந்தாலும், பெறுபவர் தன் பெயரில் அனுமதி பெறாமல் அதைத் தொடக்கூடாது. அனுமதியுடன் துவக்கு வைத்திருந்த தகப்பன் இறந்தாலும் இதே நிலைதான். மகன் அதிகாரிகளுக்கு அறிவித்து, தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், அல்லது ஒப்படைக்க வேண்டும். "அப்பாவின் ஞாபகம்" என்று அலுமாரியில் வைத்திருந்தால், அனுமதி இல்லாத துவக்கு என்றே சட்டம் அதைப் பார்க்கும்.

எண்ணிக்கை கூடினால் இங்கே வேறொரு சட்டமும் கதவைத் தட்டலாம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, சட்டபூர்வ அதிகாரம் இன்றிச் சுடுகலன்களை இறக்குமதி செய்வதையும், உற்பத்தி செய்வதையும், சேகரிப்பதையும் குற்றமாக்குகிறது. தண்டனை 5 முதல் 20 ஆண்டுச் சிறை. "சேகரித்தல்" என்ற அந்த ஒரு சொல் எங்கள் ஊர்களில் எவ்வளவு பாரமானது என்று விளக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக் காவலின் உச்ச காலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. வழக்குத் தாக்கல் செய்யாமலே ஓர் ஆண்டு அடைத்து வைக்க அப்போதும் இடம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பொதிக்குள் ஒரு துப்பாக்கியின் பாகத்தை மறைத்து அனுப்புவது என்ற எண்ணத்தையே கைவிடுங்கள். பெட்டியை அனுப்பியவர் தூரத்தில் இருப்பார். பெறுநரின் பெயரும் விலாசமும்தான் பெட்டியில் இருக்கும்.

புலம்பெயர்ந்த எங்கள் உறவுகளுக்கும் சில விடயங்கள் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி, சொந்தப் பணத்தில் வாங்கி உண்மையான அன்பளிப்பாகக் கொடுப்பது குற்றமல்ல. ஆனால் பெறுபவர் துவக்கு வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவராக இருக்கக்கூடாது. அவர் வேறு மாநிலத்தில் இருந்தால், அங்குள்ள உரிமம் பெற்ற வியாபாரி ஊடாகவே ஒப்படைக்க வேண்டும். ஐந்து தொடர் வேலை நாட்களுக்குள் ஒருவருக்கே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளை விற்றால், வியாபாரி அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்புவார். அப்படி வாங்குவது குற்றமல்ல, ஆனால் கவனிக்கப்படும்.

அன்பளிப்புக்கும் ஆளை மாற்றி வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை ஏப்ராம்ஸ்கி வழக்கு காட்டியது. முன்னாள் பொலிஸ்காரர் ஒருவர் உறவினரிடம் 400 டொலர் பெற்று அவருக்காகக் கைத்துப்பாக்கி வாங்கினார். உண்மையான கொள்வனவாளர் தானே என்று படிவத்தில் எழுதினார். இருவருமே சட்டப்படி துவக்கு வைத்திருக்கக் கூடியவர்கள். ஆனாலும் அது பொய்யான கூற்று என்று 2014இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தண்டனையை உறுதி செய்தது. அவர் செய்ததை அன்பளிப்பாக ஏற்க முடியாமல் போனதற்குக் காரணம், துவக்குக்கான காசை உறவினரே கொடுத்திருந்தார் என்பதுதான்.

கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துப்பாக்கியை வாங்கவோ, விற்கவோ, கைமாற்றவோ சில விதிவிலக்குகள் தவிர முடியாது. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதும் அதற்குள் அடங்கும். பிரித்தானியாவில் டன்பிளேன் பாடசாலையில் 1996இல் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்ட பின், 1997இல் வட அயர்லாந்து தவிர்ந்த பகுதிகளில் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. அந்த நாடுகளில் இருந்து இந்தப் பேச்சை எடுப்பதிலேயே பொருள் இல்லை.

எங்கள் மண்ணில் வாங்காமலும் துவக்கு கைக்கு வரலாம். கிணறு இறைக்கும்போதோ, அத்திவாரம் வெட்டும்போதோ, வலை இழுக்கும்போதோ போர்க்காலப் பொருள் வெளிப்படலாம். தொடாதீர்கள், கழுவிப் பார்க்காதீர்கள், படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். கிராம அலுவலருக்கும் பொலிஸாருக்கும், 119க்கும் உடனே அறிவியுங்கள். அறிவித்த நேரத்தையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். அயலவர் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு அறிவித்தால், அந்த இரண்டு நாளுக்கும் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

பாதுகாப்பு வேண்டும் என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 1986 ஜூனில் மண்டைதீவுக் கடலில் எங்கள் மீனவர்களைப் பறிகொடுத்த ஊர் இது. ஆயுதம் இல்லாதவன் எப்படி நிற்பான் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்த்த வழக்குகளில், வீட்டுக்குள் இருந்த அனுமதியில்லாத துவக்கு யாரையும் காப்பாற்றியதை நான் காணவில்லை. பிள்ளைகள் விளக்கமறியலுக்குப் போனதையும், தாய்மார் தவணைக்குத் தவணை நீதிமன்ற வாசலில் நின்றதையும் கண்டிருக்கிறேன்.

அச்சுறுத்தல் இருந்தால் பொலிஸில் முறைப்பாட்டைப் பதிவு செய்து, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்திடமோ எழுத்தில் முறையிடுங்கள். அந்த வழி மெதுவானதுதான். ஆனால் அதில் உங்கள் பெயர் முறைப்பாட்டாளர் என்றே பதிவாகும். அனுமதியில்லாத துவக்கு வைத்த வீட்டில் அது சந்தேகநபர் என்று பதிவாகும்.