தெறியும் சிற்பமும்

சிற்பம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் தெய்வத் திருவுருவமோ, தலைவர் ஒருவரின் சிலையோ மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. சட்டையிலுள்ள தெறியொன்று சிற்பமாகக்கூடும் என எவரும் எளிதில் நினையார். ஆயினும் 1981ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் நூலக முற்றத்தில், பதினாறு அடி விட்டமுள்ள வெண்ணிறத் தெறியொன்று சிற்பமாக அமைக்கப்பட்டது. அதனை இயற்றியவர் கிளேஸ் ஓல்டன்பேர்க் என்னும் சிற்பி.

தமிழகத்தார் பொத்தான் என வழங்குவதை இலங்கைத் தமிழர் தெறி என்பர். பொத்தான் என்பது போர்த்துக்கேயர் வழிவந்த சொல். சிங்களத்தில் வழங்கும் பொத்தம என்பதும் அதன் உடன்பிறப்பே. தெறியோ தமிழ்ச்சொல். நூல் நைந்தவிடத்து அது தெறித்து ஓடுவதைக் கண்டோர்க்குப் பெயரின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். பொருளின் வரலாறும் நெடியது. சிந்துவெளியிற் சங்கினாற் செய்து துளையிட்ட தெறிகள் கிடைத்துள்ளன. அவை ஆடையைப் பூட்டுவதற்கன்றி அணியாகவே பெரும்பாலும் பயன்பட்டன என்பர் ஆய்வாளர். தெறியை நுழைத்துப் பூட்டும் காது ஐரோப்பாவிற் பதின்மூன்றாம் நூற்றாண்டளவிலேயே பரவலாயிற்று. எனவே தெறி முதலில் அழகாயிருந்து, பின்னரே பயனாயிற்று எனலாம். சிற்பி அதனை மீண்டும் அழகாக்கியது பழைய வழிக்குத் திரும்பியதே ஒழியப் புதுமையன்று.

ஓல்டன்பேர்க் 1929இல் ஸ்டொக்ஹோமிற் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, 2022இல் மறைந்தவர். 1961இல் நியூயோர்க் நகரில் ஒரு கடையையே கலைக்கூடமாக்கி, சட்டை, பலகாரம் முதலியவற்றின் உருவங்களைச் சாந்தினாற் செய்து, வண்ணந்தீட்டி விற்றார். அன்று தொடங்கிய எண்ணம் பின்னர் வானளாவியது. பிலடெல்பியா நகர மண்டபத்தின் எதிரே 1976இல் அவர் நிறுத்திய துணிக்கவ்வி நாற்பத்தைந்து அடி உயரமுடையது. அலுமினியத்தாலான தெறியின் நிறை ஐயாயிரம் இறாத்தல். நான்கு துளைகளையும் உடைய அவ்வட்டம் குறுக்கே பிளந்து, ஒரு பகுதி சற்றே மேலெழுந்து நிற்கும். துளைகளினூடாகச் சிறுவர் தவழ்ந்து புகுவர். அதன்மீது மாணவர் அமர்ந்து படிப்பர், உறங்கவும் செய்வர். தொடுதல் தகாது என்னும் பலகைக்கு அங்கு வேலையில்லை.

அச்சிற்பத்துக்குப் பொருள் இருவகையாகக் கூறப்படுகிறது. வில்லியம் பென் 1682இல் வகுத்த நகரத்தின் மூலைச் சதுக்கங்கள் நான்கையும் துளைகள் குறிக்கும், பிளவு நகரை ஊடறுத்தோடும் ஸ்கூல்கில் ஆற்றைக் குறிக்கும் என்பது சிற்பியின் கூற்று. மாணவர் கூறுவது வேறு. அருகே பல்கலைக்கழகத்தை நிறுவிய பெஞ்சமின் பிராங்கிளினின் சிலை ஆசனத்தில் அமர்ந்திருக்கிறது. 1899ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பருத்த உடலினரான அவர் உட்கார்ந்தபோது இடைச்சட்டையின் தெறி தெறித்து வீழ்ந்து பிளந்ததாம்! சிற்பியின் விளக்கம் அறிவுக்கு உகந்தது. ஆனால் நிலைத்தது மாணவரின் கதையே. தன் சட்டைத் தெறி ஒருமுறையேனும் அறுந்து வீழாத மனிதன் இல்லையாதலின், அக்கதை எவர்க்கும் விளக்கமின்றி விளங்குகிறது. சதுக்கமும் ஆறும் நகர வரைபடம் கற்றோர்க்கே விளங்குவன.

தெறியை அப்படியே கலைப்பொருளாக்கியோரும் உளர். இலண்டனில் ஹென்றி குரொப்ட் என்னும் தெருக்கூட்டுந் தொழிலாளி, அநாதை இல்லத்தில் வளர்ந்தவர், தம் உடை முழுவதையும் முத்துச்சிப்பித் தெறிகளால் நிறைத்துத் தெருக்களிற் சென்று ஏழைகளுக்கு நிதி திரட்டினார். அவர் வழியினர் இன்றும் முத்தரசர் என வழங்கப்படுகின்றனர். 1930இல் இறந்த அவரின் கல்லறையில் அத்தெறியுடையோடு கூடிய சிலை நிறுவப்பட்டது. திறந்தவெளியிற் சேதமுற்றமையால் பின்னர் அது தேவாலயமொன்றின் நிலவறைக்கு மாற்றப்பட்டது.

இத்துணையும் அயல்நாட்டு வேடிக்கை என ஒதுக்கத்தக்கதன்று. அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் உயிருள்ளவற்றின் உருவத்தைச் சமைத்து நிறுத்துதல் மார்க்கத்துக்கு ஒவ்வாது என்னும் கொள்கை வலியது. திறந்தவெளியில் நிற்கும் சிலை, இவ்விடம் யாருடையது என்னும் வினாவையும் உடன் எழுப்பவல்லது. இறக்காமத்து மாயக்கல்லி மலையில் 2016இற் புத்தர் சிலை வைக்கப்பட்டபோது எழுந்த பிணக்கை அவ்வூரார் மறந்திலர். எனவே சிற்பமே வேண்டாம் எனக் கூறுவோர் உண்டு. அஃது அவசரமான முடிபு. முகமில்லாத, எவ்வினத்துக்கும் பொதுவான பொருளொன்று சிற்பமாகும்போது இவ்விரு தடையும் எழுவதற்கு இடம் குறைவு.

இதற்குச் சான்று ஜித்தா நகரிலேயே உண்டு. ஹஜ்ஜுக்கும் தொழிலுக்கும் சென்று மீண்டோர் பலர் அதைக் கண்டிருப்பர். 1970களில் அந்நகரின் மேயராயிருந்த முஹம்மத் ஸயீத் பார்ஸி கடற்கரையிலும் நாற்சந்திகளிலும் நூற்றுக்கணக்கான சிற்பங்களை நிறுவுவித்தார். ஹென்றி மூர், மிரோ, கால்டர் ஆகிய பெருஞ்சிற்பிகளின் ஆக்கங்களும் அவற்றுள் அடங்கும். மனித உருவம் எதுவும் வைக்கப்படவில்லை. வடிவியல் உருக்களோடு, பேருருவச் சைக்கிள் போன்ற அன்றாடப் பொருள்களே அங்கு சிற்பமாயின. ஓல்டன்பேர்க் வேடிக்கையாகக் கண்ட வழியை அந்நகர் மார்க்கத்தின் வரம்புக்குட்பட்டுக் கண்டது.

கல்முனையிலோ இறக்காமத்திலோ அவ்வாறு ஒன்று எழுமாயின் அது தெறியாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. நெல்லளந்த மரைக்கால், மருதமுனைத் தறியின் நாடா ஆகியனவும் கையாற் பழகி உருத்திரண்டவையே. மரைக்கால் இன்று கிலோக்கிராமுக்கு இடங்கொடுத்து வீட்டு மூலைக்குச் சென்றுவிட்டமையால், அதன் உருவம் சிறுவர்க்குக் காட்டவேனும் வேண்டப்படும். பொருள் தேர்ந்தபின் மூலப்பொருள் தேர்தல் தனி வினை. உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருவேறும். ஜித்தாக் கடற்கரையில் வெயிலும் உப்பும் தாக்கிய சிற்பங்களைப் பின்னர்ப் பெருமுயற்சியோடு புதுப்பிக்க நேர்ந்தது. வண்ணம் பூசிய அலுமினியம் அதனினும் தாக்குப்பிடிக்கும். அம்பாறையின் உட்பகுதியிற் பாறைக்குக் குறைவில்லையாதலின், நான்கு துளையிட்ட வட்டமொன்றைக் கருங்கல்லிற் குடைந்தெடுத்தலும் இயலும்; அதன் துளைகள் ஒரு பிள்ளை புகுந்து வெளிவரும் அளவினவாயிருப்பின் போதும்.