தலையெழுத்தல்ல, தவறான யோசனை!

"எல்லாம் என் தலையெழுத்து, தம்பி!" என்றார் பெரியவர்.

கீரப்பாளையம் கடைத்தெருவிலே ஒரு தேநீர்க் கடை. அங்கே என் பக்கத்திலே அமர்ந்திருந்தார் அவர். 1971ஆம் ஆண்டுப் போர்க்களத்தைக் கண்ட கண்கள். பனிக்காட்டிலே காவல் நின்ற கால்கள். பகைவனின் பீரங்கி பணிய வைக்காத அந்த மனிதரை, வங்கி மேசையிலே பிறந்த ஒரு வார்த்தை பணிய வைத்துவிட்டது.

நடந்தது இதுதான். அவருடைய இராணுவ ஓய்வூதியத்தைக் கணக்கிட்டுக் கொடுத்து வந்தது வங்கி. பிறகு, டில்லிப் பாதுகாப்பு அமைச்சகம் கொண்டுவந்த 'ஸ்பர்ஷ்' என்ற புதிய முறைக்கு அது மாற்றப்பட்டது. இனிக் கணக்கிடுவதும் அனுப்புவதும் பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகம். பணம் வந்து சேரும் இடம் மட்டுமே வங்கி. வடமொழியிலே ஸ்பர்ஷ் என்றால் தொடுகை. பெயர் தொடுகை, பெரியவரின் கைக்கு மட்டும் பணம் தொடவேயில்லை!

உயிரோடிருக்கிறேன் என்று ஆண்டுதோறும் சான்று தரவேண்டும் அல்லவா? நவம்பரிலே வங்கிக்குப் போனார். "ஓய்வூதியத்தை மாற்றிவிட்டார்களாமே, சான்றை எங்கே கொடுப்பது?" என்று கேட்கவும் கேட்டார். "பழையபடி இங்கேயே கொடுங்கள் பெரியவரே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றது பதில். தாளை வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தார்கள். தாள் வங்கியிலே தங்கிவிட்டது. ஸ்பர்ஷ் ஏட்டிலே அவர் உயிரோடிருப்பது ஏறவில்லை. மூன்று மாதம் ஓய்வூதியம் நின்றது. மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. மருந்துக்குக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு மேல் வசவு!

பின்னர் நிலுவை வந்தது. "அதுதான் வந்துவிட்டதே!" என்கிறார்கள். வந்தது அவருடைய பணம். போன வட்டியை யார் கொடுப்பது? மூழ்கிய சங்கிலியை யார் மீட்பது? நிலுவை வேறு, நட்டஈடு வேறு. இந்த வேறுபாட்டை மறைத்துத்தான் ஏழைகளின் வாயை அடைக்கிறார்கள்.

ஒரு கீரப்பாளையத்துக்காரருக்கு மட்டும் நேர்ந்த விபத்தா இது? இல்லை. 2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம் 58,000க்கும் மேற்பட்ட பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்களுக்கு உரிய நாளிலே வரவில்லை. அடையாளச் சரிபார்ப்பு முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். கூக்குரல் கிளம்பிற்று. மே 4ஆம் நாள், 'மே 25 வரை விலக்கு' என்று அறிவித்துப் பணத்தை அனுப்பினார்கள். 58,000 பேரும் ஒரே நேரத்திலே பிழை செய்தார்களா? 58,000 பேருக்கும் ஒரே தலையெழுத்தா? மாற்றியவர்கள் மாற்றத்தைப் புரியும்படி சொல்லவில்லை என்பதல்லவா உண்மை?

இணையத்திலே தரும் உயிர்ச்சான்றிலும் இதே வலைதான். ஓய்வூதியம் பட்டுவாடா செய்பவர் யார் என்று ஒரு கட்டம் கேட்கிறது. ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்திலே, கணினி மையத்துப் பையன் பழைய பழக்கத்திலே வங்கியைத் தேர்ந்தெடுத்தால், சான்று வேறு வாசலுக்குப் போய்விடுகிறது. ஒரு கட்டத்திலே ஒரு தவறு. ஒரு குடும்பத்திலே அடுப்பு அணைகிறது.

ஓய்வூதியம் பிச்சையல்ல, தோழர்களே! அது அரசு போடும் தானமல்ல, உரிமை என்று 1971இலேயே தியோகிநந்தன் பிரசாத் வழக்கிலே உச்ச நீதிமன்றம் சொன்னது. 1982 டிசம்பர் 17ஆம் நாள் நகாரா வழக்கிலே மீண்டும் அழுத்திச் சொன்னது. அந்த நீதிமன்றங்களுக்கெல்லாம் முன்பே, போரிலே மாண்ட வீரனின் குடும்பத்துக்கு 'உதிரப்பட்டி' என்று நிலம் கொடுத்த நாடு இது. உதிரத்துக்கு ஈடாக வந்ததை ஒருவர் உதாசீனத்தால் உதறுவதா?

இங்கிலாந்தைப் பாருங்கள். 1988 முதல் 1994 வரை அங்கே செவிலியர், ஆசிரியர், சுரங்கத் தொழிலாளர் எனப் பலரிடம் தரகர்கள் போனார்கள். "உங்கள் ஓய்வூதியத்தை எங்கள் தனியார் திட்டத்துக்கு மாற்றுங்கள், பொன் காய்க்கும்" என்றார்கள். மாற்றியவர்கள் ஏமாந்தார்கள். "உங்கள் விதி" என்று அந்த நாடு கைகழுவவில்லை. கோப்புகளைத் திறக்க வைத்தது. 1,000 கோடி பவுண்டுக்கு மேல் நட்டஈடு கொடுக்க வைத்தது. 2015இலே, இராணுவ ஓய்வூதியம் உள்ளிட்ட அரசுப்பணி ஓய்வூதியங்களை அப்படி மாற்றும் வாசலையே சட்டம் போட்டு மூடியது. நட்டஈட்டுக்கு அவர்கள் வைத்த அளவுகோல் எளியது: தவறான யோசனை சொல்லப்படாதிருந்தால் அந்த மனிதர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்து!

இங்கே வழியில்லையா? உண்டு. ஓய்வூதியம் உண்டா, எவ்வளவு என்ற வழக்குக்குச் சென்னையிலே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. பணி, ஓய்வூதியத் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று 2013இலே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வங்கி சொன்ன தவறான யோசனை வேறு. அது சேவைக் குறைபாடு. முதலிலே வங்கிக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கடலூரிலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை, தாமே வாதாடலாம். ஆனால் 2 ஆண்டுக்குள் போகவேண்டும். காலம் கடந்த கண்ணீருக்குச் சட்டத்திலே கைக்குட்டை இல்லை.

ஓய்வூதியம் பட்டுவாடா செய்யும் வங்கி தாமதித்தால், ஓய்வூதியர் கேட்காமலே ஆண்டுக்கு 8 சதவீத வட்டி கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2008 அக்டோபர் 1 முதல் நேர்ந்த தாமதங்களுக்கெல்லாம் உரியது. "ஸ்பர்ஷிலே பட்டுவாடா செய்வது வங்கியல்லவே" என்று வாதாடுவார்கள். சரி, அப்படியானால் பட்டுவாடா செய்யும் டில்லி அந்த வட்டியைத் தரட்டும்! வங்கிக்கு ஒரு நீதி, அரசுக்கு ஒரு நீதியா? மாற்றம் பற்றிய அறிவிப்பு, ஊர் வங்கிதோறும் தமிழிலே, தாத்தாவும் பாட்டியும் படிக்கும் எழுத்திலே தொங்கட்டும். வாயால் சொல்லும் யோசனையை, கேட்டால் எழுதியும் கொடுக்கட்டும். எழுதிக் கொடுக்க அஞ்சுபவன் யோசனை சொல்லத் தகுதியற்றவன்.

இவையெல்லாம் சொன்னேன். வெற்றி நிச்சயம் என்று சொல்லவில்லை. சான்று இருந்தால் வழக்கு நிற்கும் என்றேன்.

"அந்த ரசீது இருக்கிறதா, ஐயா?"

"இருக்கிறது, தம்பி. பதக்கத்தோடு தகரப்பெட்டியிலே வைத்திருக்கிறேன். வங்கி முத்திரையும் தேதியும் இருக்கிறது."

"அதை எடுங்கள். உங்கள் தலையிலே எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருப்பது அந்த ரசீதிலே!"

பெரியவர் எழுந்தார். தேநீருக்குக் காசு கொடுக்கப் போனேன். தடுத்துத் தாமே கொடுத்தார். வீட்டை நோக்கி நடந்தார், பெட்டியைத் திறக்க.