கதவு எங்கே என்று கேட்கிறாள் தாய்!

வந்தவாசிப் பக்கம் ஒரு பொதுக்கூட்டம். பேசி முடித்து மேடையை விட்டு இறங்கினோம். துண்டு அணிவிக்க வந்தவர்கள், கைகுலுக்க வந்தவர்கள், மனுக் கொடுக்க வந்தவர்கள் என்று வழக்கமான நெரிசல். நெரிசல் கலைந்த பின்னும் ஒலிபெருக்கிக் கம்பத்தின் ஓரமாக ஒரு அம்மையார் நின்றுகொண்டிருந்தார். தோளிலே ஒரு சிறுவன். வயது பதினொன்று. தோளில் சுமக்கும் வயதா அது? முந்தானையைப் பிடித்தபடி இன்னொருவன், மூன்று வயது இருக்கும்.

கோரைப்பாய் நெய்து பிழைக்கும் குடும்பம். மூத்தவன் ஐந்து வயதிலே ஓடும்போதெல்லாம் விழுந்தானாம். விழுந்தவன் எழுவதற்கு, கைகளை முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மீதே தான் ஏறுவதுபோல எழுந்தானாம். ஆனால் கெண்டைக்கால்கள் மட்டும் திரண்டு பருத்திருந்தன. 'பயில்வான் கால்' என்று பாட்டி பூரித்தார், திருஷ்டி கழித்தார். பாட்டியைப் பழிப்பதற்கில்லை. படித்துப் பட்டம் பெற்ற வைத்தியரே 'சத்துக் குறைவு' என்று டானிக் எழுதிக் கொடுத்தார். நான்காண்டு அலைந்து, நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில்தான் பெயர் தெரிந்தது — டூஷென் தசைச்சிதைவு நோய்!

பெயர் சொன்னார்கள், வழி சொல்லவில்லை. 'இதற்கு மருந்து கிடையாதம்மா, அழைத்துப் போங்கள்' என்றார்களாம்.

அழைத்துப் போனார். பாய் நெய்தார். பையன் தடுமாறினான், சுவரைப் பிடித்தான், ஒருநாள் உட்கார்ந்தான், பிறகு எழவில்லை. அதற்குப் பிறகு, பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் கைபேசியிலே எதையோ படித்துவிட்டு ஓடி வந்து, 'இந்த நோய்க்குப் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம்' என்றார். கடன் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்தவர்கள் கடுமையாகப் பேசவில்லை. கனிவோடுதான் சொன்னார்கள்: 'நடக்கக்கூடிய பிள்ளைகளைத்தான் இந்த ஆய்விலே சேர்க்கிறோம். எவ்வளவு தூரம் நடக்கிறான் என்று அளந்துதான் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம். உங்கள் பிள்ளையின் நடை நின்றுவிட்டதே!'

அம்மையார் அழவில்லை. நம்மைப் பார்த்துக் கேட்டார்: "கதவு மூடிப்போச்சுன்னு சொன்னாங்க. சரிங்க ஐயா. ஆனா அப்படி ஒரு கதவு இருக்குதுன்னு ரெண்டு வருசம் முன்னாடியே ஏன் ஒருத்தரும் சொல்லலீங்க?"

மேடையில் ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு வந்த நம்மிடம் இதற்கு ஒரு வரி விடை இல்லை. இல்லாததால்தான் இன்று எழுதுகிறோம்.

அந்த ஆய்வின் மருந்து பலித்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. சோதனை என்றாலே பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். ஆனால் 'மருந்து கிடையாது' என்று அனுப்பிவிட்டார்களே, அது முழு உண்மையா? 1989 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதே நோய் கண்ட 103 சிறுவர்களைத் திரட்டி ஒரு ஆய்வு நடந்தது. பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. அன்றைக்கும் அது பழைய மருந்து, விலை குறைந்த மருந்து. ஆறு மாத ஆய்வில் தெரிந்தது, அது தசையின் வலுவைக் கூட்டுகிறது என்பது. நோயைப் போக்காது, ஆனால் நடக்கும் காலத்தை நீட்டுகிறது என்று பின்வந்த ஆண்டுகள் காட்டின. பக்க விளைவும் உண்டு, மருத்துவர் கண்காணிப்பும் வேண்டும். என்றாலும் இன்று உலகெங்கும் இந்தப் பிள்ளைகளுக்குத் தரப்படுவது அந்த வகை மருந்துதான். 103 சிறுவர்களைத் திரட்ட முடிந்ததால் கிடைத்த விடை அது. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவனுக்கு வரும் நோய். ஒரு ஊரில், ஒரு மருத்துவமனையில், அத்தனை பேர் எப்படி அகப்படுவர்? தேடினார்கள், சேர்த்தார்கள், தெரிந்துகொண்டார்கள்.

இங்கேதான் வேடிக்கை — இல்லை, வேதனை. நோயாளி ஆராய்ச்சியாளரைத் தேடுகிறான். ஆராய்ச்சியாளரும் நோயாளியைத் தேடுகிறார்! அரிய நோய்களுக்கான ஆய்வுகள் போதிய நோயாளிகள் கிடைக்காமலே திணறுவதும், பாதியில் நிற்பதும் உண்டு. இந்தத் தசை நோயிலேயே பாருங்கள்: ஒரே மரபணுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு இடத்தில் பிழை. அச்சுக்கோப்பில் ஒருவனுக்கு முதல் பக்கத்தில் பிழை, இன்னொருவனுக்கு ஐம்பதாம் பக்கத்தில் பிழை என்பதுபோல. ஒரு பிழைக்குச் செய்த மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. ஆகவே, யாருக்கு எந்தப் பிழை, எந்த ஊர், என்ன வயது, நடக்கிறானா என்று முன்கூட்டியே எழுதி வைத்த பதிவேடு இருந்தால்தான், மருந்து வருகிற நாளில் பிள்ளையைக் கூப்பிட முடியும். அதற்கு முதலில் மரபணுச் சோதனை வேண்டும். வந்தவாசிச் சிறுவனுக்கு அந்தச் சோதனை நடந்ததே கடைசியில்தான்!

'ஏழை எளியவர்களை வைத்து ஆராய்ச்சியா? அவர்களால் ஒழுங்காக மருந்து சாப்பிட முடியுமா? சொன்ன நாளுக்கு வருவார்களா?' என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்களைச் சென்னை சேத்துப்பட்டுக்கு அழைக்கிறோம்.

1956 ஆம் ஆண்டு அங்கே ஒரு காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பொறுப்பேற்றார். காசநோய் என்றால் சானடோரியம்; சானடோரியம் என்றால் ஓய்வு, நல்ல காற்று, முட்டை, பால் — இதுதான் அன்றைய வேதவாக்கு. நோயாளிகளோ இலட்சக்கணக்கில், படுக்கைகளோ அதில் ஒரு துளி. படுக்கை கிடைக்காதவன் சாகவேண்டியதுதானா?

சென்னை நகரத்து ஏழைகளில் 160 பேருக்கு மேல் இந்த ஆய்வுக்கு வந்தனர். சீட்டுக் குலுக்குவதுபோல இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூறு சானடோரியத்துக்கு. மறு கூறு வீட்டுக்கு — நெருக்கடியான குடியிருப்புக்கு, கூழுக்கும் கஞ்சிக்கும், குழந்தை குட்டிகளின் நடுவுக்கு. இரு கூறுக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிடும் பாஸும், ஓராண்டு. வீட்டுக் கூறினர் வாரந்தோறும் வந்து மருந்து வாங்கிச் சென்றனர். வராதவர்களைப் பணியாளர்கள் தேடிச் சென்றனர். மாத்திரை உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்துப் பார்த்தனர்.

1959 இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் நூற்றுக்கு 92. வீட்டிலே 86! 'வீட்டில் வைத்தால் பிள்ளை குட்டிகளுக்கு ஒட்டிக்கொள்ளுமே?' என்ற அச்சத்தையும் விடவில்லை. ஐந்தாண்டு குடும்பத்தாரைத் தொடர்ந்து பார்த்தனர். சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தைவிட வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்குக் கேடு கூடவில்லை என்று 1966 இல் எழுதினர். உலக நாடுகள் காசநோய் மருத்துவத்தையே திருத்தி எழுதிக்கொண்டன. மாளிகைவாசிகளா அதற்கு ஆதாரம் தந்தது? கஞ்சி குடித்து, வாரந்தவறாமல் வரிசையில் நின்ற சென்னை ஏழைகள்!

அவர்கள் எப்படி வந்தார்கள்? பதிவேடு படித்தா? விளம்பரம் பார்த்தா? இல்லை. ஆய்வு அவர்கள் இருக்குமிடம் வந்தது. அவர்கள் மொழியில் பேசியது. வராவிட்டால் வாசலில் வந்து நின்றது.

அஞ்சுகிறவர்கள் உண்டு, அவர்கள் அச்சம் அடிப்படையற்றது என்று நாம் தள்ளமாட்டோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை, மேக நோய் கண்ட 399 கருப்பின மக்களை மருந்து தராமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் — பெனிசிலின் வந்து, அது குணப்படுத்தும் என்று ஊரறிந்த பின்னும்! என்ன நோய் என்றுகூட அவர்களிடம் சொல்லவில்லை. ஆராய்ச்சி என்ற பெயரிலே நடந்த அக்கிரமம் அது. ஆகவேதான் காவல் வேண்டும் என்கிறோம். இங்கே 2019 ஆம் ஆண்டு விதிகள் வந்துள்ளன: நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெறவேண்டும்; ஆய்வால் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும்; அறநெறிக் குழுவில் மருத்துவரல்லாத பொதுமனிதர் ஒருவரும் அமரவேண்டும். விரும்பாதவர் எந்த நேரமும் விலகலாம். இதையெல்லாம் வந்தவாசி அம்மையாரிடம் யார் சொன்னார்கள்? உரிமை ஏட்டிலே இருக்கிறது; உரியவர் வீட்டிலே இருக்கிறார்.

கதவுகளின் பட்டியலும் இல்லாமலில்லை. 2007 முதல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஆய்வுகளுக்கான பதிவேடு நடக்கிறது. மருந்து ஆய்வுகளை அதில் பதிந்தே தீரவேண்டும் என்று 2009 இல் கட்டாயமாக்கினார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். எந்த நோய், எந்த மருத்துவமனை, எந்த வயது, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள் — அத்தனையும் உண்டு. பொதுமக்கள் விசாரிக்க ஒருவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும்கூட உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில்! பொதுமக்கள் என்று எழுதியவர்கள் எந்தப் பொதுமக்களை நினைத்து எழுதினார்களோ, நாமறியோம்.

கோடிகளைக் கேட்கவில்லை நாம். தமிழ்நாட்டில் நடக்கும் ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம்; மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அதை எடுத்துச் சொல்ல ஒரு மேசை, ஒரு ஆள்; 'மருந்து கிடையாது' என்று எழுதும் மருத்துவர் அதே சீட்டில் 'இங்கே கேளுங்கள்' என்று ஒரு வரி. 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையைப் பெண்கள் வாசல்தோறும் கொண்டுபோய்க் கொடுத்தார்களே! மாத்திரை போன வாசலுக்குச் செய்தி போகாதா? தட்டி எழுந்திருக்கத் தடுமாறும் பிள்ளையைக் கண்டால் 'இரத்தச் சோதனை எடுங்கள்' என்று சொல்ல ஒரு நாள் பயிற்சி போதாதா?

அன்றிரவு, கூட்டம் கலைந்த திடலில், நண்பரின் கைபேசியை வாங்கி அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். அரைமணி நேரம் தேடி ஒரு எண்ணைக் கண்டுபிடித்து, துண்டறிக்கையின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தோம். அம்மையார் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். அப்போதுதான், கீழே உட்கார்ந்து மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த இளையவனை எழுந்திரு என்றார். அவன் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றினான், பிறகு தொடையில் ஊன்றினான்.

"இவனுக்காகத்தாங்க ஐயா கேட்டேன்" என்றார் அந்தத் தாய். "அந்த நம்பர்ல பேசுறவங்களுக்குத் தமிழ் தெரியுங்களா?"