நீதிமன்ற வாசலில் – 11: இருந்த நாளே தண்டனை

சென்ற வாரம் ரிமாண்ட் எப்படி நீள்கிறது என்று பார்த்தோம். இந்த வாரம் அதன் மறுமுனை: வழிப்பறி வழக்கு எப்படி முடிகிறது? சட்டப் புத்தகம் கடுமையாகவே பேசுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 392-வது பிரிவு வழிப்பறிக்கு 10 ஆண்டுவரை கடுங்காவல் என்றது. பொழுது சாய்ந்த பிறகு, விடிவதற்கு முன் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டுவரை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 309-வது பிரிவும் அதே அளவைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் இந்த வழக்கை விசாரிப்பவர் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர். 3 ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அது போதாது என்று நினைத்தால் தலைமை நீதித்துறை நடுவருக்கு வழக்கை அனுப்பலாம். அவருடைய எல்லை 7 ஆண்டு. ஏட்டில் இருக்கும் 10 ஆண்டு, வழக்கு நடக்கும் அறைக்குள் நுழையும்போதே சுருங்கிவிடுகிறது.

அந்தச் சுருங்கிய தண்டனையும் பெரும்பாலும் முழு விசாரணைக்குப் பிறகு வருவதில்லை. ஒருவர் சங்கிலிப் பறிப்பில் பிடிபட்டால், அவரது ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து அதே வட்டாரத்தில் துப்புத் துலங்காமல் கிடந்த மற்ற வழக்குகளும் அவர் பெயரில் ஏறும். சிறையில் இருப்பவரை பி.டி. வாரண்ட் போட்டு ஒவ்வொரு நீதிமன்றமாகக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வழிப்பறிபோல் குறைந்தபட்சமே 10 ஆண்டு என்று இல்லாத குற்றத்தில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும் என்று 2017-ல் ராகேஷ் குமார் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமை இருந்தாலும் ஜாமீன்தாரர் வேண்டும். நான்கு வழக்கு என்றால் நான்கு முறை வேண்டும். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்கச் சொல்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே ஜாமீன்தாரர் இல்லாதவர் உள்ளேயே கிடக்கிறார். சில மாதங்கள் கழித்து ஒரு வாய்தாவில் யாராவது அவர் காதில் சொல்வார்கள்: ஒப்புக்கொண்டால் இருந்த நாளையே தண்டனையாகப் போட்டு விட்டுவிடுவார்கள். விசாரணைக் கைதியாக இருந்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அவர் ஒப்புக்கொள்கிறார், வழக்கு முடிகிறது.

இது பேரம்தான். பேரம் என்ற பெயர் மட்டும் இல்லை. 1980-ல் காசம்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய பேரத்தைச் சட்டவிரோதம் என்றது. நீண்ட விசாரணைக்குப் பயந்து, செய்யாதவரும் சிறு தண்டனையை ஏற்றுக்கொள்வார் என்பது அன்று அது சொன்ன காரணங்களில் ஒன்று. பின்னர் நாடாளுமன்றமே குற்ற ஒப்புதல் பேரத்துக்கு ஒரு அத்தியாயம் எழுதி 2006 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் பாதுகாப்புகள் உண்டு. நடுவர் குற்றம் சாட்டப்பட்டவரைத் தனியறையில், போலீசும் அரசு வழக்கறிஞரும் இல்லாமல், மனமுவந்துதான் கேட்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். பறிகொடுத்தவருக்குத் தகவல் போக வேண்டும், இழப்பீடு பேசப்பட வேண்டும். ஆனால் 7 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கும் அந்த அத்தியாயம் பொருந்தாது. வழிப்பறி முதல் தடையிலேயே வெளியே நிற்கிறது. நியாய சன்ஹிதா 304-வது பிரிவில் பறிப்பைத் தனிக் குற்றமாக்கி 3 ஆண்டுவரை என்று வைத்தது. ஆனால் தாலிச் சங்கிலியை இழந்தவர் பெண் என்பதால் அதுவும் இரண்டாம் தடையில் நின்றுவிடும். கடுமை காட்டுவதற்காகப் போட்ட இந்தத் தடைகள் பேரத்தை ஒழிக்கவில்லை. பேரத்தின் பாதுகாப்புகளைத்தான் ஒழித்திருக்கின்றன.

செய்தவர்தானே ஒப்புக்கொள்கிறார், இதில் என்ன அநியாயம் என்று கேட்கலாம். பலர் செய்தவர்களே என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை அறிய வழி இருந்ததா? வழிப்பறி வழக்கின் சாட்சியம் எப்போதும் மெல்லியது. இருட்டில், நொடியில் நடந்ததை அடையாள அணிவகுப்புத்தான் தாங்க வேண்டும். பிடிபட்டவரை முன்பே ஸ்டேஷனில் சாட்சிக்குக் காட்டியிருந்தால் அணிவகுப்புக்கு மதிப்பில்லை. போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தில் பொருள் கண்டெடுக்க உதவிய பகுதி மட்டுமே சாட்சியம். பொருளைக் கண்டெடுத்ததற்கான மகஜரில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர் கூண்டில் பிறழ்ந்தால் அதுவும் ஆட்டம் காணும். முழு விசாரணையில் தோற்கக்கூடிய வழக்கு, ஒப்புதலில் தண்டனையாக முடிகிறது. நிரபராதிக்கு இது ஆபத்து. குற்றவாளிக்கும் பின்விளைவு பெரிது: ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவு அல்லது சட்டத்தன்மை தவிர வேறெதற்கும் மேல்முறையீடு செய்ய முடியாது. அதைவிட, முன்தண்டனை பெற்றவர் மறுபடி இதே வகைக் குற்றத்தில் சிக்கினால் ஆயுள் தண்டனைவரை விதிக்க நியாய சன்ஹிதாவின் 13-வது பிரிவு வழிசெய்கிறது. இன்று வீட்டுக்குப் போவதற்காக அவர் தலையாட்டியபோது இதை யார் அவரிடம் சொன்னார்கள்?

வழக்குகள் மலைபோல் குவிந்திருக்கும்போது ஒவ்வொன்றையும் முழுதாக விசாரித்தால் நீதிமன்றம் நின்றுபோகும் என்பது வலுவான மறுப்பு. அதற்காகவே நான் ஒப்புதலை நிறுத்தச் சொல்லவில்லை. நடைமுறைச் சட்டத்தின் 264-வது பிரிவு, ஒப்புதலைப் பதிவு செய்த பிறகும் அதன்பேரில் தண்டிப்பதை நடுவரின் விருப்புரிமைக்கே விட்டிருக்கிறது. சட்டத்திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பேர அத்தியாயத்தில் உள்ள அந்தத் தனியறை விசாரிப்பை இங்கேயும் செய்யலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும். பறிகொடுத்தவருக்கு ஒரு தகவலும் அனுப்பலாம். நகையை இழந்த அம்மாவுக்கு வழக்கு முடிந்ததே தெரியாமல் போவது இந்த முறையின் இன்னொரு அவமானம். அவருக்கு இழப்பீடு தர உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவரை அழைக்காமல் தீர்ப்பு எழுதினால் அந்த இழப்பீட்டைக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள்.

சட்ட உதவி வழக்கறிஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஒப்புதல் மனுவில் கைநாட்டு வாங்குவதற்கு முன் மேல்முறையீடு போய்விடும் என்பதையும், அந்த 13-வது பிரிவையும், உங்கள் கட்சிக்காரருக்குத் தமிழில் ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள்.